‘நர்ஸம்மா சும்மாதானுங்க உக்காந்திருந்தாங்க!’

வாசகர் கேள்விகளுக்கு ஒரு பிரசவ வார்டு செவிலியரின் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. பிரசவம் பார்க்கிறவர் யார், அவருக்கு என்ன தெரியும், அவரை நம்பலாமா? நான் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்டாஃப் நர்ஸ். 2006-ல் தொகுப்பூதியத்தில் சேர்ந்தேன். அதற்கு முன்னால் தனியார் மருத்துவமனையில் நாலு வருஷம். எத்தனை பிரசவம் பார்த்திருப்பீங்க என்று கேட்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். ஆயிரத்தைத் தாண்டினதும் எண்ணுவதை விட்டுவிட்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை எடுத்துவிட்டேன்.

அக்கா, நான் ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) கடைசி வருஷம். லேபர் வார்டு போஸ்டிங் போட்ட மூணாவது நாள், ஒரு பிரசவத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கும்போதே மயக்கம் போட்டு விழுந்துட்டேன். ஹாஸ்டலில் எல்லாரும் சிரிக்கிறாங்க. ஊரில் எங்க அத்தை, ‘கல்யாணம் ஆகாத புள்ளைக்கு எதுக்கு இந்தப் பிரசவம் பாக்குற வேலை’ன்னு அம்மாகிட்டச் சொல்லியிருக்காங்க. எனக்கு இது சரிப்பட்டு வராதோன்னு தோணுது.
— மாணவி, காங்கேயம்

கண்ணு, அன்னிக்குக் காலையில் என்ன சாப்பிட்டே? ஏழு மணி ஷிஃப்ட்டுக்கு ஓடுகிற ஹாஸ்டல் பிள்ளைகள் ஒரு டம்ளர் காபியோடு போவதை வருஷா வருஷம் பார்க்கிறேன். லேபர் ரூமில் ஜன்னலைச் சாத்தி வைத்திருப்பார்கள். பிறக்கப்போகிற குழந்தைக்குக் குளிரும் என்று ஃபேனையும் நிறுத்திவிடுவார்கள். உடம்பில் ஏப்ரன், முகத்தில் மாஸ்க். அரை மணி நேரம் முட்டியை விறைத்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்றால் பட்டாளத்துக்காரனும் விழுவான். ரெண்டு இட்லியாவது சாப்பிட்டுப் போ. முட்டியை லேசாக மடக்கி நில். கண் இருட்டுகிற மாதிரி இருந்தால் வெட்கப்படாமல் சுவரோரம் உட்கார்ந்துவிடு. ட்ராலி மேல் விழுந்தால்தான் வம்பு. ஸ்டெரைல் பண்ணி வைத்த செட் முழுக்க வீணாகி, சிஸ்டரிடம் ஒரு வாரத்துக்குப் பேச்சு வாங்குவாய்.

நானும் விழுந்தவள்தான். ஆனால் பார்த்தபோது இல்லை. எல்லாம் முடிந்து, அம்மாவும் பிள்ளையும் வார்டுக்குப் போன பிறகு, கிட்னி ட்ரேயைக் கழுவிக்கொண்டிருந்தபோது விழுந்தேன். பயம் வேலை முடியட்டும் என்று காத்திருந்து வந்தது போல.

முதல் பிரசவம் எனக்கு ராத்திரி ஒன்றரை மணிக்கு. என் கை மேல் சிஸ்டரின் கை. தலை தெரிந்தபோது அது தலை என்றே புரியவில்லை. ஒரு ரூபாய் அகலத்துக்கு நனைந்த முடியோடு ஒரு சுருக்கம், அவ்வளவுதான். வலி வந்தால் முன்னால் வரும், வலி நின்றால் உள்ளே போய்விடும். அது உள்ளே போகும்போதெல்லாம் நான் பதறினேன். “போகட்டும் விடு, அது வழி பண்ணிக்கிட்டு இருக்குது” என்றார் சிஸ்டர். தலை முழுசாக வெளியே வந்ததும் குழந்தை தரையைப் பார்த்துக் கிடந்தது. இழுத்துவிடலாமா என்று என் விரல்கள் துடித்தன. மணிக்கட்டில் பொளேரென்று ஓர் அடி. “கழுத்துல கொடி சுத்தியிருக்கான்னு விரல்ல பாரு. பாத்துட்டுக் கையை எடு.” எடுத்தேன். யாரும் தொடவில்லை. அந்தத் தலை தானாக, மெதுவாக, அம்மாவின் தொடைப் பக்கம் திரும்பியது, பூட்டில் சாவி திரும்புகிற மாதிரி. உள்ளே தோள்கள் வாகு பார்த்துத் திரும்புவதால் வெளியே தலையும் திரும்புகிறது என்று புத்தகத்தில் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியிருந்தேன். ஆனாலும் அன்னிக்குத்தான் எனக்குத் தெரிந்தது. எப்போது கையை வைக்க வேண்டும் என்பதை ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். எப்போது எடுக்க வேண்டும் என்பதற்கு எனக்கு மூன்று நாலு வருஷம் ஆச்சு.

இன்னொன்றும் சொல்கிறேன், இது எனக்குப் பெருமையான கதை இல்லை. எங்கள் காலத்தில் கேஸ் புக்கில் நாமே பார்த்த 20 பிரசவம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஹவுஸ் சர்ஜன்களுக்கும் கணக்கு, எங்களுக்கும் கணக்கு. ‘கேஸ் பிடிக்கிறது’ என்றே சொல்வோம். நைட் டூட்டி முடிந்தும் ஹாஸ்டலுக்குப் போகாமல், எந்த அம்மாவுக்கு எப்போ கருப்பை வாய் முழுசாத் திறக்கும் என்று வார்டு வாசலில் கிடப்போம். என் 14-வது பிரசவம், ஒரு பத்தொன்பது வயசுப் பெண். தலைப்பிள்ளை. ராத்திரி முழுக்க அழுதாள். எனக்குத் தூக்கம், பசி, அடுத்த நாள் தியரி பரீட்சை. சீனியர்கள் எப்படிப் பேசுவார்களோ அதே வார்த்தையில், “கத்தாதே, கத்தினா மட்டும் புள்ள வந்துருமா?” என்று வைதேன். பிரசவம் நல்லபடியாக ஆச்சு, கையெழுத்தும் கிடைத்தது. மறுநாள் வார்டில் பிரஷர் பார்க்கப் போனபோது அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “நேத்து நீங்க வையாம இருந்திருந்தா இன்னுங் கொஞ்சம் தைரியமா இருந்திருப்பனுங்க.” கோபமாகச் சொல்லவில்லை. குழம்பில் உப்புக் கொஞ்சம் குறைச்சல் என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். எனக்கு அந்த 14-ஆம் நம்பர் பக்கத்தை இன்னமும் புரட்டப் பிடிக்காது.

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். என்னைப் பெண் பார்க்க வந்தபோது வருங்கால மாமியார் கேட்டது ரெண்டே கேள்வி. “நைட் டூட்டி உண்டா?” “பிரசவம் பாத்துட்டு வந்தா குளிச்சுப்போட்டுத்தானே ஊட்டுக்குள்ள வருவே?” ரெண்டுக்கும் ஆமாங்க என்றேன். குளிக்காமல் எப்படிங்க வருவது, ரத்தமும் பனிக்குடத் தண்ணியும் முழங்கை வரைக்கும் தெறித்திருக்கும்! தீட்டு என்று அவர் நினைத்துக்கொண்டார், நான் சோப்பு என்று நினைத்துக்கொண்டேன். சண்டையே வரவில்லை. இப்போது ஒறம்பரையில் (சொந்தபந்தத்தில்) யாருக்கு நோவெடுத்தாலும் முதல் போன் அவரிடமிருந்துதான் வருகிறது.

கல்யாணம் ஆகாத பெண் பிரசவம் பார்க்கலாமா என்று கேட்டால், கல்யாணமே ஆகாத இதய டாக்டர் மாரடைப்புப் பார்க்கிறாரே, அவருக்கு மாரடைப்பு வந்திருக்க வேண்டுமா என்று அத்தையிடம் கேள். மரியாதையாகக் கேள். அத்தை சீர் செய்ய வேண்டியவர்.

எங்க மருமகளுக்கு ஊர் ஆஸ்பத்திரியிலேயே சுகப்பிரசவம் ஆச்சுங்க. ஆனா டாக்டர் வரவே இல்லைங்க. நர்ஸம்மா ஒருத்தர்தான். அவங்களும் ராத்திரி முழுக்க வவுத்து மேல கையை வெச்சுக்கிட்டு சும்மாதான் உக்காந்திருந்தாங்க. வலி ஊசி போடச் சொல்லிக் கேட்டோம், போடலை. ஏதோ பேப்பர்ல புள்ளி புள்ளியா வெச்சுக்கிட்டு இருந்தாங்க. ஈரோட்டுக்குக் கூட்டிப் போயிருந்தா நல்லாப் பாத்திருப்பாங்களோன்னு சம்பந்தி வீட்டில் பேச்சு. இது சரிதானுங்களா?
— ஓர் அப்பத்தா, சென்னிமலை

பேரனா பேத்தியா என்று எழுதவே இல்லையே அம்மா! நல்லா இருக்கட்டும்.

அந்த நர்ஸம்மா சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. வயிற்று மேல் கையை வைத்துப் பத்து நிமிஷத்துக்கு எத்தனை நோவு வருகிறது, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்திருப்பார். நோவு வரும்போது கருப்பை கல்லாட்டம் இறுகும், போகும்போது இளகும். நடுவில் இளகாமலே இருந்தால் ஆபத்து. அதைக் கைதான் சொல்லும். அரை மணிக்கு ஒருமுறை குழந்தையின் இதயத் துடிப்பு. நிமிஷத்துக்கு 110-லிருந்து 160-க்குள் இருக்க வேண்டும். நோவு முடிந்த கையோடு கேட்க வேண்டும், அப்போதுதான் குழந்தை களைத்துப் போகிறதா என்று தெரியும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று உள் பரிசோதனை. அந்தப் பேப்பருக்குப் பேர் பார்ட்டோகிராம். நீங்கள் பார்த்த புள்ளிகள் எல்லாம் இவைதான். அதில் ரெண்டு சாய்கோடு இருக்கும். புள்ளி முதல் கோட்டைத் தாண்டினால் உஷார். ரெண்டாவது கோட்டைத் தொடுகிற வரைக்கும் ஒரு நர்ஸ் சும்மா இருந்தால் அவர்மேல் நீங்கள் புகார் எழுதலாம். அதற்கு முன்னாலேயே டாக்டரிடம் பேசி 108-ஐக் கூப்பிட்டிருக்க வேண்டும். உங்கள் மருமகளின் புள்ளிகள் கோட்டைத் தாண்டாமல் நல்லபடியாகப் போயிருக்கின்றன. அதனால் அவர் எதுவும் செய்யாத மாதிரி உங்களுக்குத் தெரிந்தது.

‘வலி ஊசி’ என்று நீங்கள் கேட்டது நோவை வரவழைக்கிற ஆக்ஸிடோசின். நோவு தானாகச் சரியாக வந்துகொண்டிருக்கும்போது அதை ஏற்றினால், கருப்பை இளகாமல் இறுகிக்கொண்டே போகும், உள்ளே பிள்ளைக்கு மூச்சுத் திணறும். ‘சீக்கிரம் முடிச்சு விடுங்க’ என்று வெளியே நிற்கிற ஒறம்பரை கேட்கிற ஊசி அது. வேண்டாம் என்று சொல்லப் படிப்பு மட்டும் பத்தாது, தெம்பும் வேண்டும். அதே மருந்தைக் குழந்தை பிறந்த ஒரு நிமிஷத்துக்குள் தொடையில் 10 யூனிட் கட்டாயம் போடுவோம். ரத்தப்போக்கைத் தடுக்க அதைவிட முக்கியமான ஊசி எங்களிடம் இல்லை. உங்கள் மருமகளுக்கும் போட்டிருப்பார். நீங்கள் பேரப்பிள்ளையைப் பார்க்கிற அவசரத்தில் கவனித்திருக்க மாட்டீர்கள்.

பிறகு நஞ்சுக்கொடி. ஏறக்குறைய அரைக் கிலோ இருக்கும். வெளியே வந்ததும் தட்டில் விரித்துப் போட்டு, ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டோடு சேருகிறதா என்று திருப்பிப் பார்ப்போம். உடைந்த பானையை ஒட்டிப் பார்க்கிற மாதிரி. ஓர் ஓட்டுச் சில் குறைந்தால் அது உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் ரத்தம் நிற்காது. கொடியை வெட்டின இடத்தில் மூன்று ஓட்டை தெரிய வேண்டும், ரெண்டு சின்னது, ஒன்று பெரியது. அதற்கப்புறம் ரெண்டு மணி நேரம், கால் மணிக்கு ஒருமுறை, தொப்புளுக்குக் கீழே கையை வைத்து அழுத்துவோம். கருப்பை கிரிக்கெட் பந்தாட்டம் கெட்டியாக இருந்தால் நிம்மதி. பிசைந்த மாவாட்டம் இருந்தால் ஓட்டம்தான்.

டாக்டர் வரவில்லை என்பது குறையா? சிக்கல் இல்லாத பிரசவத்தைப் பார்ப்பதற்கென்றே நாங்கள் படித்திருக்கிறோம். எங்கள் பதிவுச் சான்றிதழில் ரெண்டு தகுதி இருக்கும். பதிவு பெற்ற செவிலியர், பதிவு பெற்ற தாதி, அதாவது பிரசவம் பார்ப்பவர். எங்களைப் பதிவு செய்யும் கவுன்சிலின் பேரே தமிழ்நாடு செவிலியர், தாதியர் கவுன்சில். 1926-ல் வந்த சட்டம் அதற்கு அடிப்படை. நூறு வருஷம் ஆகியும் ரெண்டாவது பாதி யாருக்கும் தெரியாது. 2018-ல் மத்திய அரசு, செவிலியர்களுக்குப் பிரசவத்திலேயே தனியாக 18 மாதப் பயிற்சி என்று புதிதாக வழிகாட்டு நெறி கொண்டுவந்தது. என் வயசுக்காரிகளும் மறுபடி நோட்டுப் புஸ்தகத்தோடு மாணவியாகிறார்கள். எனக்கும் ஆசைதான், வீட்டில் பிளஸ் டூ பையன் இருக்கிறான்.

டாக்டர் பார்த்தால்தான் நல்லது என்கிற நினைப்பு நமக்கு மட்டும் இல்லை. 1840-களில் வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ரெண்டு பிரசவ வார்டு. ஒன்றில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும், இன்னொன்றில் மருத்துவச்சி மாணவிகளும் பிரசவம் பார்த்தார்கள். முதல் வார்டில் பிரசவக் காய்ச்சலில் செத்தவர்கள் ரெண்டாவதைவிடப் பல வருஷம் ரெண்டு மடங்குக்கும் மேலே. கர்ப்பிணிகள் ரெண்டாவது வார்டில் போடுங்கள் என்று கெஞ்சுவார்களாம். பிணத்தை அறுத்த கையோடு வந்து பிரசவம் பார்ப்பதுதான் காரணம் என்று செம்மல்வைஸ் என்கிற டாக்டர் கண்டுபிடித்து, 1847-ல் குளோரின் தண்ணீரில் கை கழுவ வைத்தார். சாவு மளமளவென்று குறைந்தது. டாக்டர்களை மட்டம் தட்ட இதைச் சொல்லவில்லை. பிரஷர் 140/90-க்கு மேலே போனாலோ, பனிக்குடத் தண்ணி பச்சையாக வந்தாலோ, குழந்தையின் துடிப்பு இறங்கினாலோ முதல் ஆளாக டாக்டருக்குப் போன் போடுவது நான்தான்.

சம்பந்தி வீட்டுக்கு இன்னொரு கணக்கும் சொல்லலாம். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு 45 சிசேரியன். அரசு ஆஸ்பத்திரியில் 36, தனியாரில் 64 கிட்ட. அதில் பல உயிரைக் காப்பாற்றிய ஆபரேஷன்கள். ஆனால் அத்தனையுமா? ஈரோட்டுக்குப் போயிருந்தால் எந்தப் பக்கம் விழுந்திருக்குமோ, யார் கண்டது.

வணக்கம் மேடம். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். மனைவிக்கு ஏழாவது மாதம். வெளிநாட்டில் மிட்வைஃப் வீட்டுக்கே வந்து, தண்ணீர்த் தொட்டியில்கூடப் பிரசவம் பார்க்கிற வீடியோக்கள் பார்த்தோம். ஆஸ்பத்திரியில் கத்துகிறார்கள், படுக்க வைத்துக் காலைக் கட்டுகிறார்கள் என்று மனைவி பயப்படுகிறாள். உங்களைப் போன்ற ஒருவர் வீட்டுக்கு வந்தால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா?
— திருப்பூர் வாசகர்

வேண்டாம் தம்பி. நான் வந்தாலும் வேண்டாம்.

திருப்பூரிலிருந்தே இந்தக் கேள்வி வருவது மனசை என்னவோ செய்கிறது. 2018 ஜூலையில் உங்கள் ஊரில்தான் யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்க்கப் போய் ஒரு பள்ளி ஆசிரியை ரத்தப்போக்கில் இறந்துபோனார். நிறைமாசத்தில் கருப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் போய் வருகிறது. பிரசவத்துக்கு அப்புறம் அது இறுகாவிட்டால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அவிநாசி ரோட்டில் சிக்னல் விழுகிற நேரம் பத்தும்.

வீடியோவில் காட்டாத பாதியைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் மிட்வைஃப் ஆக மூன்று வருஷம் தனிப் பட்டப்படிப்பு. வீட்டுக்கு வருகிறவர் கையில் ரத்தப்போக்கு ஊசி, குழந்தைக்கு மூச்சுக் கொடுக்கிற பை எல்லாம் இருக்கும். சிக்கல் எதுவும் இல்லாத கர்ப்பமாகப் பார்த்துத்தான் ஒத்துக்கொள்வார்கள். ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி எல்லாம் அதே ஏற்பாட்டின் கண்ணிகள். அங்கேயும் வீட்டில் பெற்றுக்கொள்கிறவர்கள் நூற்றுக்கு ரெண்டு மூன்று பேர்தான். மற்றவர்களில் பலரும் மிட்வைஃபிடம்தான் ஆஸ்பத்திரியில் பெற்றுக்கொள்கிறார்கள். நம்மிடம் அந்த ஏற்பாடு இல்லை. நான் தனியாளாக உங்கள் வீட்டுக்கு வந்தால், ஊசி மட்டும்தான் என்னோடு வரும்.

மனைவியின் பயத்தைத் தட்டிக் கழிக்காதீர்கள், அது நியாயமான பயம். மேலே 14-ஆம் நம்பர் கதை எழுதியிருக்கிறேனே. ஆஸ்பத்திரி வேண்டாம் என்று ஓடுகிறவர்களில் பாதிப்பேரை வீடியோ துரத்தவில்லை, எங்கள் வாய்தான் துரத்துகிறது. அதனால் இந்த ரெண்டு மாதத்தில் ஆஸ்பத்திரியைப் போய்ப் பாருங்கள். நோவு நேரத்தில் நடக்க விடுவார்களா? மல்லாக்கப் படுக்காமல் ஒருக்களித்தோ, உட்கார்ந்தோ இருக்கலாமா? தண்ணி, கஞ்சி குடிக்கலாமா? கூட ஒருத்தர் இருக்கலாமா? 2017-ல் லேபர் ரூம்களை மேம்படுத்த மத்திய அரசின் ‘லக்ஷ்யா’ திட்டம் வந்த பிறகு அரசு லேபர் ரூம்களில் துணைக்கு ஆள் இருப்பது சலுகை இல்லை, முறையே அதுதான். பொது வார்டில் மற்றப் பெண்களும் இருப்பதால் பெரும்பாலும் பெண் துணையைத்தான் விடுவார்கள். அவருடைய அம்மாவோ அக்காவோ, கூட அழாத ஒருத்தராகப் பார்த்து அனுப்புங்கள். அழுகிறவர்கள் வெளியே இருக்கட்டும், நீங்களும்.

வவுத்தைப் பாத்தாலே பையனா பொண்ணான்னு உங்களுக்குத் தெரிஞ்சுருமாமே?
— பொள்ளாச்சி

தெரியாதுங்க. தெரிந்தாலும் சொன்னால் 1994-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஸ்கேன் பார்த்தவர் ஜெயிலுக்குப் போவார். கூர்ந்த வயிறு, உருண்ட வயிறு, மசக்கையில் புளிப்பா இனிப்பா என்பதெல்லாம் ஊர்க் கிழவிகளின் லாட்டரி. பாதிக்குப் பாதி பலிக்கும், ஏனென்றால் இருப்பதே ரெண்டு சீட்டு.

பிறந்த குழந்தைக்குச் சேனைத்தண்ணி (சர்க்கரைத் தண்ணி) வைக்கக் கூடாதுன்னு நர்ஸ் சண்டை போடறாங்க. எங்க வீட்டில் நல்ல குணமுள்ள பெரியவங்க கையால வெச்சாத்தான் குழந்தைக்கும் அந்தக் குணம் வரும்னு நம்பிக்கை. கழுதைப்பாலும் தரக்கூடாதாம். அப்புறம் எதைத்தான் தருவது?
— தாராபுரம்

தாய்ப்பால். ஒரு மணி நேரத்துக்குள், மஞ்சளாக வருகிற சீம்பாலிலிருந்து ஆரம்பித்து, ஆறு மாசம் வரைக்கும் அது மட்டும்.

சண்டை போடுகிற நர்ஸ் நானாகவும் இருக்கலாம். கழுதையை ஓட்டிக்கொண்டு தெருவில் வருகிறவர் சங்கில் கறந்து ஊற்றுகிறாரே, அந்தச் சங்கு அன்னிக்குக் காலையிலிருந்து எத்தனை பிள்ளைகளின் வாயில் போயிருக்கும் என்று யோசித்திருக்கிறீர்களா? சர்க்கரைத் தண்ணியும் அப்படித்தான். வயிறு நிறைந்த பிள்ளை மார்பைத் தேடாது. தேடாவிட்டால் பால் ஊறாது. பிறகு ‘அம்மாவுக்குப் பாலே இல்லை’ என்று பவுடர் டப்பா வாங்கப் போவீர்கள்.

குணம் வருகிற நம்பிக்கையை நான் கேலி செய்ய மாட்டேன். எங்கள் வார்டில் ஒரு வழி வைத்திருக்கிறோம். நல்ல குணமுள்ள அந்தப் பெரியவர் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து, குழந்தையைத் தூக்கி அம்மாவின் மார்பில் போடட்டும். சேனை வைத்ததாகவே கணக்கு. இதுவரைக்கும் நாலைந்து அப்புச்சிகள் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தர் மட்டும் போகிறபோது, “இந்த நர்ஸுப் புள்ள ஏச்சுப்போட்டா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்க அமுச்சி (அம்மாவோட அம்மா) ஊரில் மருத்துவச்சியாக இருந்தவங்க. எங்க ஊர்ப் பெரியவங்க முக்கால்வாசிப் பேர் அவங்க கையில் பிறந்தவங்கதான். இப்போ நர்சிங் படிக்கிற நான் வகுப்பில் அதைச் சொன்னப்போ, ‘அந்தக் காலத்து மூடநம்பிக்கை’ன்னு ஒரே வார்த்தையில் முடிச்சுட்டாங்க. அவங்க பண்ணினது எல்லாமே தப்புங்களா?
— மாணவி, அந்தியூர்

எல்லாம் தப்பு இல்லை அம்மிணி. எல்லாம் சரியும் இல்லை.

எங்கள் ஊர் மருத்துவச்சியை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கிறது. என் அப்பா, என் அத்தைகள் ரெண்டு பேர், எல்லாரும் அவர் கையில் பிறந்தவர்கள். நாவிதர் வீட்டுப் பெண். நோவு என்றால் பாதி ராத்திரியிலும் லாந்தரோடு ஆள் போய்க் கூட்டிவரும். வெளிச்சம் வருகிற வரைக்கும் அந்த வீட்டில் அவர்தான் ராணி. அவர் சொன்னால் நிலத்துக்காரப் பண்ணாடியே தண்ணி காய வைப்பார். விடிந்ததும் நெல்லோ ராகியோ ரெண்டு வள்ளம், ஒரு பழைய சேலை, வெத்தலபாக்கு. கொல்லைப்புறமாகத்தான் போக வேண்டும், திண்ணையில் உட்காரச் சொல்ல மாட்டார்கள். ‘பிரசவம் பாக்குற வேலை’ என்று காங்கேயத்து அத்தை முகம் சுளித்தாரே, அந்தச் சுளிப்பு இங்கிருந்துதான் வருகிறது. மருத்துவர் என்றால் கும்பிடுகிற ஊர், மருத்துவச்சி என்றால் வைகிற சொல்லாக்கி வைத்திருக்கிறது.

அவர் செய்ததில் எதை எங்கள் பாடப்புத்தகம் இப்போது திருப்பிச் சொல்கிறது என்று கேள். நோவு வந்தவளை நடக்க விட்டார். குத்தவைத்துப் பெற வைத்தார். இடுப்பில் எண்ணெய் தேய்த்துவிட்டுக் கூடவே இருந்தார். கொடியை அவசரப்பட்டு வெட்டவில்லை. நாங்கள் படித்த காலத்தில் பிறந்த உடனே கொடியை வெட்டச் சொன்னார்கள். இப்போது ஒரு நிமிஷத்திலிருந்து மூன்று நிமிஷம் வரை பொறுத்து வெட்டு, குழந்தைக்கு ரத்தம் ஏறும், சோகை வராது என்கிறார்கள். கிழவி எங்கேயோ சிரித்துக்கொண்டிருப்பார்.

ஆனால் அந்தக் கொடியை எதில் வெட்டினார்? பண்ணருவாள், இல்லாவிட்டால் சவரக்கத்தி. தொப்புளில் சாணிச் சாம்பல். ஏழெட்டு நாளில் குழந்தை வாயைத் திறக்க முடியாமல் விறைத்துச் சாகும். காத்துக் கருப்பு என்பார்கள். அது டெட்டனஸ். என் அப்பாவுக்கு முன்னால் பிறந்த ரெண்டு குழந்தைகள் அப்படித்தான் போயின என்று, படிப்பு முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அப்பத்தாவிடம் கேட்டேன். “ஆமா கண்ணு, எட்டாம் நாள்” என்றார். அதற்கு மேல் பேசவில்லை. தடுப்பூசியும் சுத்தமான பிளேடும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் சேர்ந்துதான் 2015-ல் தாய்சேய் டெட்டனஸை ஒழித்த நாடாக இந்தியா ஆனது.

உன் அமுச்சி உயிரோடு இருந்தால் ஒரு வேலை செய். பிள்ளை குறுக்கே கிடக்கிறதா, தலை இறங்கிவிட்டதா என்று வயிற்றில் கை வைத்து எப்படித் தெரிந்துகொண்டார் என்று கேள். சொல்ல வராவிட்டால் ஒரு தலையணையை மடியில் வைத்துக் காட்டச் சொல். எங்களுக்கு அதை நாலு படியாகப் பிரித்து, ஒரு ஜெர்மன் டாக்டரின் பேர் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். லியோபோல்ட் முறை. பரீட்சையில் அந்தப் பேரை எழுது, மார்க் அதற்குத்தான். கையை மட்டும் அமுச்சியிடம் கற்றுக்கொள்.

பொண்ணுக்கு இது ஒன்பதாம் மாசம். ஆஸ்பத்திரிக்கு என்னென்ன எடுத்து வைக்கணுமுங்க?
— பெருந்துறை

தாய்சேய் அட்டை, அதில் எழுதியிருக்கிற பிக்மி நம்பர் (கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்த எண்). அதைத் தனியாக ஒரு சீட்டிலும் எழுதி வையுங்கள், பிறப்புச் சான்றிதழ் வரைக்கும் கேட்பார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டுகள், ரத்த வகைச் சீட்டு, ஆதார், வங்கிப் புத்தகம் (முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டப் பணம் அதில்தான் தவணையாக வரும்). முன்பக்கம் திறக்கிற நைட்டி மூன்று, பேடு, ஒரு பிளாஸ்க், டம்ளர். பத்தியச் சாப்பாடு, செலவு ரசமெல்லாம் அடுத்த நாள் கொண்டுவரலாம், அன்னிக்கே தூக்குப்போசியோடு பத்துப் பேர் வர வேண்டாம்.

குழந்தைக்கு ஜரிகை வைத்த சட்டை, கொலுசு, கறுப்புக் கயிறு எதுவும் வேண்டாம். கடையில் வாங்கின புதுத்துணியும் வேண்டாம், கஞ்சி போட்டு முரட்டுத்தனமாக இருக்கும். வீட்டில் அப்புச்சியின் பழைய வேட்டி இருக்கும் பாருங்கள், துவைத்துத் துவைத்து நைந்துபோனது. அதை வெந்நீரில் அலசி, நல்ல வெயிலில் காயப்போட்டு, ஆறு துண்டாகக் கிழித்து, தனிப் பையில் போட்டு வையுங்கள். அப்புச்சியிடம் சொல்லிவிட்டுக் கிழியுங்கள்.